கத்திகள் தூங்கும் நேரம்

"பெரியப்பா, சைபர் அதிகமா இருக்கிறதுதான் நிஜமா?"

சலூன்காரரின் ஆறு வயது மகள் ஒரு திங்கட்கிழமை காலையில் இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டு, பட்டறைப் படியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே பிஸ்கட்டைக் கடித்தாள். அவள் மடியில் கத்திக்குத் தேய்க்கும் இரண்டு பச்சைப் பாலிஷ் கட்டிகள் இருந்தன. ஒன்று கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துபோன பழையது. அதைச் சுற்றியிருந்த தாளில் 1,00,000 என்று அச்சடித்திருந்தது. இன்னொன்று இரண்டு நாள் முன்பு ஹார்டுவேர் கடையில் வாங்கிய புதியது. அதில் 60,000 என்றுதான் இருந்தது.

பட்டறைக்காரருக்குப் பளபளா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே சட்டென்று நினைவுக்கு வராது. கத்தியும் கத்தரிக்கோலும் தீட்டுவது தொழில். சாணைச் சக்கரத்தில் தீட்டியதோடு விட்டுவிட மாட்டார். சுவரில் தொங்கும் தோல்பட்டையில் பாலிஷ் கட்டியைத் தேய்த்து, அதன்மேல் அலகை மேலும் கீழுமாக இழுத்து, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவருவார். பிறகு அந்த அலகில் தெரிகிற வானத்தைப் பார்த்தபடி நின்றுவிடுவார். ஒரு மேகம் கத்தியின் பிடிப்பக்கம் நுழைந்து நுனிப்பக்கம் வெளியேறும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

"ஆமாம்மா. சைபர் அதிகம்னா உள்ள இருக்கிற தூள் நைசு. பழுப்புக் கட்டி மணல் மாதிரி. வெள்ளைக் கட்டி உப்பு மாதிரி. பச்சைக் கட்டி பவுடர் மாதிரி. தூள் நைசாக நைசாகக் கத்தி கண்ணாடியாயிடும்."

குழந்தை புதிய கட்டியைத் தூக்கிக் காட்டினாள். "அப்போ இதுல ஏன் சைபர் கம்மி?"

"அதுல கொஞ்சம் கொறச்சல்தான்."

"ஆனா ரெண்டும் ஒரே பச்சை. அப்போ இது பொய்யா?"

பிஸ்கட் தீர்ந்தது. குழந்தை போய்விட்டாள். கேள்வி மட்டும் படியிலேயே உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது.

பழைய கட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் வழிப்போக்கர் ஒருவர் பட்டறைக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார். நனைந்த சட்டை, நனைந்த பை, விடாத இருமல். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். பன்னிரண்டு பச்சைக் கட்டிகள். "காலையிலிருந்து ஒண்ணுகூடப் போகலைங்க" என்றார். பளபளா பேரம் பேசவில்லை. பெட்டியோடு வாங்கிக்கொண்டு, சூடாக ஒரு டம்ளர் டீயும், கிளம்பும்போது தன் குடையையும் கொடுத்து அனுப்பினார். அவர் மனைவி பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, குடைக்கு மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்தப் பெட்டி வந்த பிறகுதான் பளபளா ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். கத்திக்கும் தூக்கம் வேண்டும். பட்டையிலிருந்து எடுத்தவுடன் பார்த்தால் கூர் சுமாராகத்தான் இருக்கும். மேசையில் வரிசையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு, இவர் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்து வந்தால், அடடா! மயிரைக் காட்டினாலே போதும், தானாக இரண்டாகும். "உலோகம் சூடு தணியணும். நம்மள மாதிரிதான் அதுவும்" என்று எல்லோருக்கும் சொல்வார். சலூன்காரர்கூட ஒரு முறை தன் கத்திகளை இழுப்பறையில் போர்த்தி வைத்துப் பார்த்தார். "எங்க கடையில தூங்க மாட்டேங்குதுண்ணே. சத்தம் அதிகம்" என்று வருத்தப்பட்டார்.

பன்னிரண்டு கட்டிகளில் இப்போது மிச்சம் இந்தக் கட்டைவிரல் அளவுதான்.

பளபளா இரண்டையும் முகர்ந்தார். பழையது மெழுகுவத்தி மாதிரி இதமாக மணத்தது. புதியது இரும்பு மாதிரி ஏதோ நாற்றமடித்தது. விரலில் தேய்த்தார். பழையது வெண்ணெய். புதியதில் ஏதோ நெருடியது. சந்தேகம் தீராமல் இரண்டையும் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார்.

மனைவி டீயோடு வந்தவர் நின்றுவிட்டார். "என்னங்க இது? இலை தின்ன ஆடு மாதிரி பல்லெல்லாம் பச்சை!"

"இது போலி" என்றார் பளபளா, புதியதைக் காட்டி.

"அது நல்ல கட்டிதாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

மனைவி டம்ளரைக் கீழே வைத்தார். "பாத்தா நல்லாத்தான் இருக்கு."

"பாத்துச் சொல்ற விஷயமா இது? சலூன்லேருந்து வாரத்துக்கு இருபத்துநாலு கத்தி வருது. ஒவ்வொண்ணும் ஒரு மனுஷனோட கழுத்துக்கிட்ட போகுது. பதினெட்டு வருஷத்துல யாருக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கா? இனிமே போலிதான் கிடைக்கும்னா நான் சலூன் கத்தியைத் தொட மாட்டேன். தேங்காய் உடைக்கிற அருவாளைத் தீட்டிக்கிட்டுக் கிடக்கிறேன். கடவுளுக்குப் பதில் சொல்லணும்ல?"

மனைவிக்கு முகம் வாடியது. சலூன் கத்திகள் போய்விட்டால் பட்டறையில் மிஞ்சுவது அந்த அரிவாள் மட்டும்தான் என்பது அவருக்கும் தெரியும். அதைவிட, கண்ணாடி போன்ற அலகில் மேகம் பார்க்காத ஒரு நாளில் இந்த மனிதர் என்ன ஆவார் என்பதும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சோதனை தொடங்கியது. பன்னிரண்டு சவரக் கத்திகளில் ஆறைப் பழைய கட்டியில் தேய்த்து, பிடியில் வெள்ளை நூல் கட்டினார். ஆறைப் புதிய கட்டியில் தேய்த்து, சிவப்பு நூல் கட்டினார். போர்த்திவிட்டுச் சாப்பிட்டார், படுத்தார்.

கனவில் கடல் வந்தது. இரண்டு வருடமாக மத்தியானத் தூக்கத்தில் எப்போதும் கடல்தான் வருகிறது. பச்சை நிறக் கடல். சர்ர்... சர்ர்... என்று ஒரே சீராகக் கரையைத் தடவிவிட்டுப் போகிற கடல். அதில் சின்னச் சின்ன மீன்கள் கத்திகளைப் போல மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. பளபளாவும் அவற்றுக்கு நடுவில் மிதந்தார்.

எழுந்து வந்தபோது கத்திகள் நூலோடுதான் இருந்தன. ஆனால் முடிச்சுகள் அவர் போட்ட முடிச்சுகளாக இல்லை.

"இதை யாரு அவுத்தது?"

"தூசு தட்டினேன். நூல் எண்ணெயாயிருந்துச்சு. மாத்திக் கட்டிட்டேன்" என்றார் மனைவி.

"எது எதுக்கு வெள்ளைன்னு பாத்துத்தானே கட்டினே?"

"ஆறு வெள்ளை, ஆறு சிவப்பு. எண்ணித்தாங்க கட்டினேன்."

பளபளா தலையில் கை வைத்துக்கொண்டார். சலூனிலிருந்து மறுநாள் காலை தீர்ப்பு வந்தது. "பன்னெண்டும் வெண்ணெய்ண்ணே. வெள்ளை, சிவப்புன்னு ஒரு வித்தியாசமும் இல்ல."

"எப்படிப்பா இருக்கும்? ஒண்ணு லட்சம், ஒண்ணு அறுபதாயிரம்!"

"கன்னத்துக்குக் கணக்குத் தெரியலையேண்ணே."

ஒரு மோசமான கத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நல்லதன் அருமை தெரியும் என்று பளபளா முடிவு செய்தார். புதன்கிழமை இரண்டாவது செட் வந்தது. பிடி உடைந்த ஒரு கத்தியை மட்டும் எடுத்து, பட்டையின் பின்பக்கத்தில் அதே ஹார்டுவேர் கடையில் வாங்கிய பழுப்புக் கட்டியைத் தேய்த்து நாலு இழுப்பு இழுத்தார். அலகு கரகரவென்று சாம்பல் பூத்தது. 'இது சலூனுக்குப் போகாது. எழுந்து வந்து மற்றதோடு ஒப்பிடணும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். மனதுக்குள் சொன்னதுதான் தப்பு. அதையும் மற்ற பதினொன்றோடு போர்த்திவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அன்றைக்குக் கடல் வழக்கத்தைவிட அதிக நேரம் இருந்தது. கரையை விட்டுப் போக மனமில்லாதது போல அலைகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தைத் தடவின.

எழுந்து வந்தால் மேசை காலி.

"கத்தி எங்கே?"

"சலூன்லேருந்து ஆள் மேல ஆள் அனுப்பிட்டாங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டேன்."

"பன்னெண்டுமா?"

"பின்னே, பதினொண்ணா குடுப்பேன்?"

பளபளா செருப்பைத் தேடவில்லை. மேல்துண்டு பறக்க ஓடினார். தெருவில் இருந்தவர்கள் எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்று நினைத்தார்கள். உதவியாக இருக்கட்டும் என்று இரண்டு பேர் கூடவே ஓடினார்கள்.

சலூன் நாற்காலியில், ரோஜாக் கன்னம் என்று தெருவே கூப்பிடுகிறவர் சாய்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். உற்றுப் பார்த்தாலே சிவந்துவிடுகிற தோல் அவருக்கு. முகமெல்லாம் நுரை. அவர் கழுத்துக்கு மேலே சலூன்காரரின் கை. கையில் பிடி உடைந்த கத்தி.

"நிறுத்துப்பா! கையை எடுக்காதே! இல்ல, எடு!"

சலூன்காரர் கத்தியை உயரத் தூக்கியபடி சிலையாக நின்றார். "என்னண்ணே?"

"எத்தனை இழுப்பு இழுத்தே?"

"ஒரு பக்கம் முடிஞ்சுதுண்ணே."

பளபளா நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். "ஐயா, கன்னம் எப்படி இருக்குங்க?"

ரோஜாக் கன்னம் மெல்லக் கண்ணைத் திறந்தார். "எந்தக் கன்னம்?"

"இப்போ மழிச்ச கன்னம்."

"மழிச்சாச்சா? நுரைதான் தடவுறார்னு நினைச்சுக் கண்ணை மூடினேன்."

பளபளா ஒரு விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பட்டு. ஒரு கீறல் இல்லை. கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி. அதில் சலூனின் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, விசிறி மூன்றாவது சுற்று முடிக்கும்போது எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, தப்பாக விளங்கிவிட்டது.

"பழுப்பும் போலி!" என்றார்.

"என்னது?"

"கரடுன்னு சொல்லி நைசை வித்திருக்காங்க! அந்த ஹார்டுவேர் கடையில எல்லாமே போலி!"

"கம்மி வெலைக்கு ஒசத்தி சரக்கு குடுத்திருக்காங்க. அதுல நமக்கென்னண்ணே நஷ்டம்?"

"நஷ்டமில்லப்பா, பொய்! இன்னிக்குக் கரடுன்னு நைசு குடுத்தவங்க, நாளைக்கு நைசுன்னு கரடு குடுக்க மாட்டாங்களா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் இதில் நியாயம் இருப்பதாகத் தலையசைத்தார்கள். ஒருவர் கவலையோடு, "நேத்து அங்கதான் பூட்டு வாங்கினேன்" என்றார்.

"பூட்டுதா?" என்று கேட்டார் பக்கத்திலிருந்தவர்.

"நல்லாத்தான் பூட்டுது."

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு."

ஐந்தே நிமிடத்தில் அந்தக் கடையில் வாங்கிய ஆணி, வாளி, குழாய் எல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாயின. ரோஜாக் கன்னம் மட்டும் பாதி நுரையோடு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பளபளா பட்டறைக்குத் திரும்பி, மூன்று கட்டிகளையும் துண்டில் முடிந்துகொண்டு கடைக்குப் போனார். கடைக்காரம்மா கல்லாவுக்குப் பின்னால் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடமாகக் கடை நடத்துகிறவர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

"அம்மா, நல்ல கடைன்னு நம்பி வந்தேன். இப்படிப் பண்ணிட்டீங்களே!"

"உக்காருங்க ஐயா. என்ன ஆச்சு?"

பளபளா எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரம்மா பழைய கட்டியின் தாளைக் கையில் வாங்கிப் பார்த்து லேசாகச் சிரித்தார். "சைபர் அச்சடிக்கிறதுக்குக் காசா பணமா ஐயா? இன்னும் ரெண்டு சேத்துப் போட்டிருக்கலாம்."

இரண்டு சின்ன பாட்டில்களில் பெயின்ட் கரைக்கிற தின்னர் ஊற்றினார். பழைய கட்டியில் கொஞ்சம் சுரண்டி ஒன்றில் போட்டார். புதியதில் கொஞ்சம் சுரண்டி மற்றதில் போட்டார். மூடிக் குலுக்கி, கல்லா மேல் வைத்தார்.

"கொஞ்சம் நேரம் ஆகும். பாத்துக்கிட்டே இருங்க."

பளபளா ஒரு பெயின்ட் டின் மேல் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பாட்டிலும் பச்சையாகக் கலங்கியிருந்தன. ஜன்னல் வெயில் அவற்றின் வழியாக நுழைந்து கல்லா மேல் இரண்டு பச்சைக் குளங்களை விரித்தது. வெகு நேரம் கழித்து, புதிய கட்டியின் பாட்டிலில் மேலே தெளிவு வந்தது. அடியில் பச்சைத் தூள் மாவு போலப் படியத் தொடங்கியது. பழைய கட்டியின் பாட்டிலில் எதுவும் படியவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சர்பத் பச்சை.

"தூள் படிஞ்சா அது கட்டி. நிறம் மட்டும் கரைஞ்சா அது சாயம் போட்ட மெழுகு" என்றார் கடைக்காரம்மா.

பளபளா பழைய கட்டியின் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அப்போ... பழசுதான் போலியா? ரெண்டு வருஷமா நான் கத்தியில மெழுகு தேச்சுக்கிட்டு இருந்தேனா?"

கடைக்காரம்மா கல்லா மேல் சிந்திய தின்னரைத் துடைத்தார்.

"இருக்கவே முடியாதும்மா. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்துச்சு? போர்த்தி வெச்சு, ஒரு மணி நேரம் கத்தி தூங்கி எழுந்திரிச்சா..."

"கத்தி எங்கய்யா தூங்கிச்சு?" என்றார் கடைக்காரம்மா மெதுவாக. "தூங்கினது நீங்க."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அந்தப் பெட்டி வந்த முதல் வாரமே உங்க வீட்டம்மா ஒரு துண்டைச் சுரண்டிக் கொண்டுவந்தாங்க. இதே மாதிரி பாட்டில்ல போட்டுப் பாத்தோம். அன்னிக்கே ஒரு நிஜக் கட்டி வாங்கிட்டுப் போனாங்க. அதுலேருந்து தவறாம வாங்குறாங்க. பதினாறு வருஷம் பக்கத்துல நின்னு பாத்தவங்க கை, தப்பா போகுமா? நீங்க கண்ணயர்ந்த நேரத்துல பன்னெண்டையும் அவங்கதான் இழுத்து முடிக்கிறாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நானும் அதையேதான் கேட்டேன். 'மழையில நனைஞ்சு வந்தவருக்கு இரக்கப்பட்டு வாங்கினார். அது ஏமாத்துன்னு தெரிஞ்சா, அடுத்த மழைக்கு யாராவது வந்து ஒதுங்கினா இந்த மனுஷன் கதவைச் சாத்திடுவாரோன்னு பயமா இருக்கு'ன்னாங்க. 'கை வலி போயிடும். அந்த மனசு போச்சுன்னா வராது'ன்னாங்க." கடைக்காரம்மா பாட்டில்களை எடுத்து உள்ளே வைத்தார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க ஐயா. சத்தியம் வாங்கியிருக்காங்க. கடைப்பேரு கெடுதேன்னு வாயை விட்டுட்டேன்."

பளபளா எழுந்து அந்த அம்மாவைக் கைகூப்பி வணங்கினார். வழியில் சலூனுக்குள் தலையை நீட்டி, பெஞ்சு முழுவதற்கும் கேட்கும்படி, "கடையில ஒரு குத்தமும் இல்ல. தப்பா பாத்தது நான்தான். நான் ஒரு கழுதை!" என்று அறிவித்தார். பூட்டு வாங்கியவருக்கு உயிர் வந்தது.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி சோப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பளபளா பட்டறை நடுவில் நின்று, அங்கே முதல் முறையாக வந்த ஆளைப் போலச் சுற்றிப் பார்த்தார். தோல்பட்டை அவர் தோளுக்குச் சரியான உயரத்தில் ஆணியில் தொங்கியது. அதன் கீழே ஒரு குட்டை முக்காலி. சாமான் வைக்கத்தான் கிடக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். குனிந்து பார்த்தார். அதன் பலகையில் இரண்டு பாத அளவுக்கு மட்டும் மரம் மெருகேறிப் பளபளத்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறடு ஒன்றை எடுத்து ஆணியைப் பிடுங்கினார். மனைவியின் தோள் தன் மார்பில் எங்கே வரும் என்று கையால் அளந்து பார்த்தார். ஒரு சாண் கீழே, சத்தம் வெளியே போகாமல் துணியை வைத்து, ஆணியை அடித்தார். பட்டையை மாட்டினார். இழுத்துப் பார்த்தார். இனி அவர்தான் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும்.

முக்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். அங்கே ஒரு நிமிடம் நின்று, அப்போதுதான் கடையிலிருந்து வருகிறவரைப் போலத் திரும்பி நடந்தார்.